கிரைண்டர் ஓடும்போது பெரியவர் வந்தால்

கம்பம் பஸ் கூடலூர் நிறுத்தத்தில் வந்து நின்றது. எதிர் வரிசையில் டீக்கடை வைத்திருக்கிற மலையாளி பாபுச் சேட்டன் ஒரு காலி கிளாஸைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு தடவை ஆட்டினார். முந்தின நாளே நாங்கள் பேசி வைத்த சாடை அது. பெண் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நான் என் வெல்டிங் பட்டறை வாசலில் கையில் கிரைண்டரோடு தயாராக நின்றேன். இரும்பு அறுக்கிற கை கிரைண்டர். கண்ணில் புதுக் கண்ணாடி, காதில் பஞ்சு. காலில் கூட்டாளி முத்துவின் கல்யாண ஷூ, எனக்கு ஒரு சைஸ் பெரிது. இடுப்பில் கஞ்சி விறைப்புக்கூடப் போகாத புதுக் கைலி. வேலைக்குத் தோதாக அதை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தேன். மேலே பார்த்தால் கண் டாக்டர், கீழே பார்த்தால் மீன் வியாபாரி என்று முத்து சொன்னான்.

இரண்டு வாரமாக இந்தப் பக்கங்களில் ஜீப் கேரியர் கட்டிய கதையை அளந்துகொண்டிருக்கிறேன். 'இரும்புக் கதை போதும், உங்கள் கல்யாணக் கதையைச் சொல்லுங்கள்' என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா, என் கல்யாணமும் இரும்புக் கதைதான். எனக்கு வேறு கதை கிடையாது.

பெண் போட்ட கண்டிஷன்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவது என்றால் மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்துப் போய், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, பெண் வந்து நின்றதும் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். எனக்குக் கேசரி கிடைக்கவில்லை. என்னைத்தான் பெண் பார்க்க வந்தது.

ஈஸ்வரி கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அப்பா திராட்சைத் தோட்டக்காரர். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். ஜாதகம் பொருந்திவிட்டது, என் தொழில்தான் பொருந்தவில்லை. "வெல்டிங் பட்டறைக்காரவுகளை நான் தினமும் பாக்குறேன். கண்ணுல தூசி, கையில கட்டு, இல்லைன்னா பொட்டணத்துல விரலு. முதல்ல பட்டறையைப் பாக்குறேன், அப்புறம் மாப்பிள்ளையைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டதாக அம்மா வந்து சொன்னாள்.

"டூட்டி முடிஞ்சு அந்தப் புள்ள மட்டும் வருது. அவுக அப்பா வரலை, தோட்டத்துல மருந்தடிப்பு இருக்காம். ஒழுங்கா நடந்துக்க" என்றும் சொன்னாள்.

அவளை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தேன். முத்துவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது. அந்த ஒரு தடவையிலேயே எனக்குப் பிடித்துப்போனது என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஊரைக் கூட்டியிருப்பாள். இந்தப் பெண் வேண்டாமென்று போய்விட்டால் இனி எவளையும் பார்க்கப் போவதில்லை என்கிற அளவுக்கு நான் முற்றிப்போயிருந்தேன்.

முத்துவின் காந்தம்

முத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையில் பாதிப் பங்கு அவனுக்கு. வெல்டிங் பற்ற வைத்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. ஆனால் கிரைண்டரை எடுத்தால் அவனுக்குள் ஏதோ புகுந்துவிடும்.

இரும்பை அறுக்கிற வீலைச் சுற்றி மூடுகிற அரை வட்டத் தகடு இருக்கிறதே, கார்டு, அதை வாங்கின அன்றைக்கே கழற்றிவிட்டான். "அதைப் போட்டா வீல் எங்கன வெட்டுதுன்னே தெரியலடா" என்பான். கழற்றிய கார்டைப் பீடிச் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டான். பக்கவாட்டில் திருகுகிற கைப்பிடி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. வயர் முனையில் பிளக் கிடையாது. இரண்டு வெறுங்கம்பிகளைச் சுவிட்ச் போர்டு ஓட்டையில் செருகி, தீக்குச்சியால் இறுக்கிவிடுவான். அப்படியே கரண்டு இருக்கும்போதே மடியில் வைத்து வீல் மாற்றுவான்.

கண்ணாடி போட்டால் வேர்க்கிறது என்பான். அதற்கு மாற்றாக அவனிடம் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய ஒரு காந்தம் இருந்தது. கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் இமையைப் பிதுக்கிக்கொண்டு காந்தத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நிற்பான். ஜீப் டிரைவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் காந்தம் கைவிட்டுவிட்டது. கண் தக்காளி மாதிரிச் சிவந்து, நான் அவனைக் கம்பத்துக்குக் கூட்டிப்போனேன்.

துகளை எடுத்தது டாக்டர். திட்டியது ஈஸ்வரி. அந்தக் காந்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க பட்டறையில மொத்தம் எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு சிஸ்டர்."

"ரெண்டு பேருக்கும் சேத்து எத்தனை விரலு?"

முத்து பொய் சொல்லத் தெரியாதவன். மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "பத்தொம்பதரை" என்றான்.

முத்துவின் அந்த அரை விரல் எந்தக் காலத்திலோ பம்புசெட் பெல்ட்டில் போனது, கிரைண்டரில் போகவில்லை. அதை நான் விளக்குவதற்குள் அவள் நிமிர்ந்து என் இரண்டு கைகளையும் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அதுதான் அந்த ஒரு தடவை.

புத்தகத்தில் இருந்த ஆள்

அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் ஒரு வாரம் பட்டறையில் வேறு வேலையே ஓடவில்லை. கிரைண்டரோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். இங்கிலீஷும் இந்தியும் மட்டும். பத்தாவது வரை படித்த இங்கிலீஷையும் பக்கத்து வீட்டு டிக்ஷனரியையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன்.

புத்தகத்தில் ஒரு ஆள் படம் இருந்தது. பேண்ட், பூட்ஸ், கழுத்துவரை பட்டன், கண்ணாடி. முகத்தில் கவலையே இல்லை. அவன் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். சாம்பலைத் தட்டிவிட்டுக் கார்டை மாட்டி, அது எனக்கும் வீலுக்கும் நடுவே வருகிற மாதிரித் திருப்பி முடுக்கினேன். கைப்பிடியைத் தேடித் திருகினேன். வயருக்கு மூணு முனை பிளக் போட்டேன். வீல் மீது போட்டிருக்கிற சுற்று வேகம் மெஷின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கீறல் விழுந்த இரண்டு வீல்களை உடைத்தே போட்டேன். வைத்திருந்தால் முத்து எடுத்து மாட்டிவிடுவான். பெயிண்ட் தின்னர் டின்னைப் பொறி எட்டாத மூலைக்கு மாற்றினேன்.

பிறகு சுவரில் சிவப்பு எனாமலில் ஏழு விதிகள் எழுதினேன். ஐந்தாவது விதி, 'இரண்டு கையாலும் பிடி'. ஆறாவது, 'வீல் நிற்கும் வரை கீழே வைக்காதே'. ஏழாவது, 'பிளக்கைப் பிடுங்காமல் வீலை மாற்றாதே'. முத்து அதை வாசித்துவிட்டு, "இது பட்டறையா, பாலிடெக்னிக்கா?" என்றான். முதலுதவிப் பெட்டி ஒன்றும் வாங்கி ஆணியடித்து மாட்டினேன்.

தொளதொள உடுப்பு கூடாது என்றும் புத்தகம் சொன்னது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். கைலியைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடக்கிற சாமானை யார் உடுப்பு என்று நினைப்பார்கள்?

கை தானாகப் போகும்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், வெளியூர் வாசகர்களுக்காக. எங்கள் ஊரில் கைலியை மடித்துக் கட்டுவது வேலைக்கு. பெரியவர் யாராவது எதிரே வந்தால் மடிப்பை இறக்கிவிட வேண்டும். இறக்காதவன் திமிர் பிடித்தவன். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பெரிய மனுசரைக் கண் பார்த்ததும் கை தானாக இடுப்புக்குப் போகும். மூளைக்குத் தகவல் பிறகுதான் வரும்.

குமுளி மலைப்பாதையில் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்கள், ரோட்டோரம் சொந்தக்காரப் பெரியவரைப் பார்த்ததும் ஒரு கையை விட்டுக் கைலியை இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே பள்ளம். என் தாய்மாமன் ஒருவர், தலையில் நெல் மூட்டையோடு வந்தவர், எதிரே ஊர்ப் பெரியவரைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் கைலியை இறக்கினார். மூட்டை நேராகப் பெரியவரின் கால் மேல் இறங்கியது. "மருவாதை தெரிஞ்ச பய" என்று அந்தப் பெரியவர் நொண்டிக்கொண்டே சொன்னாராம்.

புத்தகத்தில் இருந்த அந்தப் பேண்ட் போட்ட ஆளுக்குப் பெரியவர்களே கிடையாது போல. எட்டாவதாக ஒரு விதி வேண்டுமென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தச் சாயங்காலம்

ஈஸ்வரி ரோட்டைக் கடந்து தனியாகத்தான் வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சுவருக்குப் போய் ஏழு விதிகளையும் வாசித்தாள். கார்டைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள்.

"இதெல்லாம் யாரு எழுதுனது?"

"நாந்தேன்."

"இவரு கேப்பாரா?" முத்துவைக் காட்டினாள்.

"நான் இன்னைக்கு லீவு சிஸ்டர்" என்றான் முத்து.

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்கு அது போதும், பறக்க ஆரம்பித்துவிட்டேன். "நீங்க இப்படி இந்தப் பக்கமா நில்லுங்க, பொறி அங்குட்டுப் போகும்" என்று அவளை நகர்த்தி நிறுத்தினேன். வைஸ் இடுக்கியில் மாட்டியிருந்த இரும்பை ஆட்டிப் பார்த்தேன். மெஷினைப் போட்டு, விரலை எடுத்தாலும் ஓடும்படி சுவிட்சை லாக் செய்து, வீலுக்கு நேரே நிற்காமல் விலகி நின்று, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டேன். இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் வீலை இறக்கினேன். பொறி சுவர்ப்பக்கம் பூவாகக் கொட்டியது. ஈஸ்வரி தலையை ஆட்டினாள். எனக்குக் கல்யாண மேளமே கேட்டுவிட்டது.

பாதி அறுத்திருப்பேன். "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று ஒரு கனத்த குரல் பஞ்சையும் தாண்டி என் காதில் விழுந்தது.

அவள் அப்பா, மருந்தடிப்புக்குப் போகாமல் வந்துவிட்டிருக்கிறார். பஸ்ஸின் பின்வாசலில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து, தூரத்திலிருந்தே என்னை அளந்துவிட்டு, இப்போது ரோட்டைக் கடந்து வந்து இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. ஈஸ்வரியின் முகத்துக்கே மீசை வைத்தது போல ஒரு முகம்.

கிரைண்டரை இரும்பிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. நிறுத்துவதற்குள் இடது கை கைப்பிடியை விட்டு இடுப்புக்குப் போய்விட்டது. மடிப்பை இறக்கினேன். கஞ்சி போட்ட புதுத்துணி குடை மாதிரி விரிந்தது. ஒற்றைக் கையில் நின்ற மெஷின் கனத்தில் தலையைச் சாய்த்து, கைலியின் ஓரத்தைக் கவ்வியது.

இதை முத்து ஊரெல்லாம் ஒரு தினுசாகச் சொல்லியிருக்கிறான். அதை நம்ப வேண்டாம். நடந்தது இதுதான். சர்ரென்று ஒரு இழுப்பு. இடுப்பில் கைலி இல்லை. பாதி கிழிந்து கார்டில் சிக்கிச் சுவிட்சின் மேல் இறுகச் சுற்றிக்கொண்டது. மீதி வீலோடு சேர்ந்து படபடவென்று அடித்துச் சுற்றியது. கருகிய துணி நாற்றம். நான் கோடு போட்ட டவுசரோடு, கண்ணாடியும் ஷூவும் போட்டுக்கொண்டு நின்றேன்.

நல்லவேளை, அன்றைக்கு இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கவில்லை. கட்டியிருந்தால் கைலி அவிழ்ந்திருக்காது. மெஷின் துணியைச் சுருட்டிக்கொண்டே வயிற்றுக்கு ஏறியிருக்கும். இன்றைக்கும் இதை எழுதும்போது கை ஒரு தரம் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

இடது கை திரும்பக் கைப்பிடிக்கு வந்துவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவிட்சைத் தொட வேண்டுமென்றால் ஒரு கையை எடுக்க வேண்டும். ஒரு கையை எடுத்ததன் பலனைத்தான் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே போட்டுவிட்டு ஓடலாமென்றால், ஓடுகிற கிரைண்டர் தரையில் அடங்கிக் கிடக்காது, எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. முன்னால் பெரியவரின் கால். பக்கத்தில் ஈஸ்வரி.

"பிளக்! பிளக்கைப் புடுங்குங்க!" என்று கத்தினேன்.

முத்து என் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"துணி வேணாம்டா! துணியைக் கொண்டுட்டு வராதடா!"

அந்த நேரத்துக்கென்று ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளியிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று வாசலில் நின்றது. "ஆத்தாடி, இங்கன பாருங்கடி!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். ஜீப் முழுக்கச் சிரிப்பு.

ஈஸ்வரி சிரிக்கவில்லை. வயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போய், போர்டில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள்.

கரண்டு போனாலும் வீல் உடனே நிற்காது. சத்தம் இறங்கும், சுற்று இருக்கும். துண்டு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. நான் அசையவில்லை. ஆறாவது விதி என் தலைக்கு மேலே சிவப்பாக இருந்தது. அந்தச் சில நொடிகளைப் போல நீளமான நேரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. ஜீப்பில் இருந்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு வீலையே பார்த்தார்கள். கைலிக் கிழிசல் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கியது.

மெஷினைப் பெஞ்சில் வைத்தேன். முத்துவிடமிருந்து துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "வாங்க மாமா" என்றேன்.

அவர் திரும்பி டீக்கடைக்கு நடந்தார்.

தொடையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், ரத்தம் கசிந்தது. ஈஸ்வரி என் புது முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு கட்டுப் பீடி, தீப்பெட்டி, ஸ்பீக்கர் காந்தம். முத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக் கட்டுப் போட்டாள். தடுப்பூசி போட நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். போகும்போது என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டச் சொல்லி, விரல்களை எண்ணிவிட்டுப் போனாள்.

பத்து நாள்

மறுநாள் தடுப்பூசிக்குப் போனேன். ஊசி போட்டது வேறு நர்ஸ். ஈஸ்வரிக்கு அன்றைக்கு லீவாம். அதற்குப் பிறகு பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நான் சோறு இறங்காமல் கிடந்தேன். ரோட்டில் போகிற ஜீப் டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் தங்கள் கைலியைக் கெட்டியாகப் பிடித்துக்காட்டிவிட்டுப் போவார்கள். அது வலிக்கவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்று தெரியாததுதான் வலித்தது. அழுகைகூட வந்தது, வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிகிறது என்று முத்துவிடம் சமாளித்தேன்.

பாபுச் சேட்டன்தான் மனம் பொறுக்காமல் ஒருநாள் வாயைத் திறந்தார். அன்றைக்கு டீக்கடையில் அப்பனும் மகளும் பேசியதை அவர் கேட்டிருக்கிறார்.

"அந்தப் பெரியவரு பறஞ்சு, 'இந்தக் கோமாளியையாம்மா கட்டிக்கப் போற'ன்னு. அதுக்கு மோளு என்ன சொல்லிச்சு தெரியுமோ? 'உங்க மருவாதைக்கு ஒரு கையை எடுத்தாக, தப்புதேன். ஆனா அம்புட்டு மானம் போயும் மத்தக் கையை எடுக்கலைப்பா. எடுத்திருந்தா உங்களை நான் ஆஸ்பத்திரிக்குத்தேன் தூக்கிட்டுப் போயிருப்பேன்'னு."

"இதை ஏன் சேட்டா அன்னைக்கே சொல்லல?"

"எந்தா அவசரம்? பெரியவரு தலையாட்டினாரோன்னு எனக்குத் தெரியலல்லே."

பதினோராவது நாள் கம்பத்திலிருந்து வந்த ஜீப்பில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் இரண்டு காக்கி பேண்ட், புதிதாகத் தைத்தது. ஒரு துண்டுச்சீட்டு: 'வேலை நேரத்தில் இதுதான். சம்மதமென்றால் அப்பா வந்து பேசுவாக.' போட்டுப் பார்த்தேன். இடுப்பு, நீளம் எல்லாம் கச்சிதம்.

"ஏலே, அளவு எப்ப குடுத்த?" என்றான் முத்து.

"பொதுரோட்டில டவுசரோட நின்னு தன்னே குடுத்தது" என்றார் பாபுச் சேட்டன்.

அன்றைக்கே சம்மதமென்று சொல்லியனுப்பினேன். அந்த வார வெள்ளிக்கிழமை ஒரு கேட்டுக்குக் கம்பி அறுத்துக்கொண்டிருந்தேன். காலில் காக்கி பேண்ட். வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. கக்கத்தில் அதே குடை. என் இடது கை துடித்ததை மறைக்க மாட்டேன். ஆனால் எடுக்கவில்லை. 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. மெஷினை இரும்பிலிருந்து எடுத்தேன், சுவிட்சை அணைத்தேன், இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றேன்.

அவர் வெயிலிலேயே நின்றார், குடையைக்கூட விரிக்கவில்லை. வீல் சுற்று இறங்கி, தள்ளாடி, நிற்கும்வரை என்னோடு சேர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றது. பெஞ்சில் வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

"போன தடவைக்கு இந்தத் தடவை மருவாதை கொறஞ்சு போச்சே, மாப்பிள்ளை" என்றார்.

முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை, கடைசியில் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் விழுந்தது.